ராத்திரியில் உனக்கென்ன வேலை

துருவ நட்சத்திரத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. மலேசியாவின் ஜொகூரில் இருக்கும் எங்கள் குளுவாங், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 2 பாகையில் இருக்கிறது. துருவ நட்சத்திரமும் எங்கள் அடிவானத்திலிருந்து அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். அந்த உயரத்தில் செம்பனை மட்டை இருக்கும், தாமான் வீட்டுக் கூரை இருக்கும், ஈரக்காற்றின் மங்கல் இருக்கும். நட்சத்திரம் மட்டும் தெரியாது. வடக்கு நாட்டுக்காரர்கள் எழுதிய வானியல் கையேடுகள் முதல் பாடத்திலேயே அதைக் கண்டுபிடிக்கச் சொல்கின்றன. ஜொகூர்க்காரர்களுக்கு அந்தப் பாடம் செல்லாது. அதற்கு ஈடாக எங்களுக்கு முழு வானமும் கிடைத்திருக்கிறது. வட துருவம் ஒரு பக்க அடிவானத்திலும் தென் துருவம் மறுபக்க அடிவானத்திலும் கிடப்பதால், 88 விண்மீன் கூட்டங்களும் ஓராண்டுக்குள் எங்கள் கண்முன் வந்து போகின்றன. மே மாதத்து முன்னிரவில் வடக்கே சப்தரிஷி மண்டலமும் தெற்கே திரிசங்கும் ஒரே சமயத்தில் நிற்கும். லண்டன்காரருக்குத் திரிசங்கு எழாது. மெல்பர்ன்காரருக்குச் சப்தரிஷி முழுதாக எழாது.

இந்த வானத்தின் கீழேதான் பிறந்தேன். நின்று நிதானமாக அதைப் பார்க்க எனக்கு வாய்த்தது ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு.

எங்கள் தோட்டம் குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் பாதைப் பக்கம் இருந்தது. அம்மா பால்மரம் வெட்டினார். நாலரை மணிக்கு எழுந்து சோறாக்கி, பிள்ளைகளுக்கு எடுத்து வைத்துவிட்டு, ஐந்தரைக்குப் பெரட்டில், ஆள்கணக்கு எடுக்கும் வரிசையில், போய் நிற்க வேண்டும். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரைமணி நேரம் முன்னே தள்ளினார்கள். சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று செய்த மாற்றம் அது. எங்கள் தோட்டத்தில் பெரட்டு நேரம் மட்டும் மாறவில்லை. முன்பு ஆறரை மணியளவில் உதித்த சூரியன் அதன் பிறகு ஏழு மணிக்குத்தான் வந்தது. அம்மா தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு கூடுதலாக அரைமணி நேரம் இருட்டில் வேலை செய்தார். பள்ளி விடுமுறையில் மங்கு துடைக்க நானும் கூடப் போவேன். விடிவெள்ளியும் கார்த்திகைக் கூட்டமும் எனக்கு அறிமுகமானது அந்த நடையில்தான். கித்தா மரங்கள் இலையுதிர்க்கும் பிப்ரவரியில் கிளைகளுக்கு நடுவே வானம் அப்படியே திறந்து கிடக்கும். அம்மா நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை. வெட்டுப்பட்டையைப் பார்க்கவே அவருக்கு விளக்கு போதவில்லை.

பார்க்கத் தெரிந்தவர் என் தாய்மாமா. அவர் தோட்டத்து ஸ்டோரில் ஜாகா வேலை பார்த்தார். இரவு முழுக்க விழித்திருப்பது அவருக்குத் தொழில். கடிகாரம் பார்க்காமலே, "கேட்டை உச்சிக்கு வந்துருச்சு, மணி ரெண்டாகப் போகுது" என்பார். அஸ்தம், சித்திரை, சுவாதி என்று வரிசையாகக் காட்டுவார். பஞ்சாங்கத்தில் பெயராக மட்டும் இருந்தவை எனக்கு ஒளிப்புள்ளிகளாக ஆனது அவர் விரல் நுனியில். ஜொகூர் பாருவில் ஓர் அடகுக்கடையில், யாரும் மீட்காமல் விட்டுப்போன 7×50 இருகண் நோக்கி ஒன்றை வாங்கி வந்தார். துணியில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்திருப்பார். தோட்டத்தில் அதைத் தொட அனுமதி இருந்த ஒரே ஆள் நான்.

1986இல் ஹாலி வால்மீன் வந்தது. பிப்ரவரி 9 அன்று அது சூரியனைச் சுற்றித் திரும்பியது. ஏப்ரல் 11 அன்று பூமிக்கு மிக அருகில் வந்தது. அந்த வருகையில் வடக்கு நாடுகளுக்கு அது சரியாகத் தெரியவில்லை, தெற்கே இருப்பவர்களுக்குத்தான் நன்றாகத் தெரிந்தது. மாமா பத்திரிகைத் துணுக்குகளை வெட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. நள்ளிரவுக்கு மேல் தெற்கு வானத்தில் தெரியும் என்று அவர் சொன்னதும் அப்பா கேட்ட கேள்வி இன்றும் காதில் இருக்கிறது: "பொம்பளைப் பிள்ளைக்கு ராத்திரியில வெளியில என்ன வேலை?" மாமா வாதாடவில்லை. காத்திருந்தார்.

ஏப்ரல் 24 சித்ரா பௌர்ணமி. அன்று இரவு முழுச் சந்திர கிரகணம். எட்டேகாலுக்குப் பக்கத்தில் நிலவு முழுதாக மறையும் என்று போட்டிருந்தார்கள். மாரியம்மன் கோயில் நடையைச் சாத்திவிட்டார்கள். லயத்தில் எல்லாரும் கதவை மூடிக்கொண்டு உள்ளே இருந்தார்கள். கேள்வி கேட்க யாரும் வெளியில் இல்லாத ஒரு மணி நேரம் கிடைத்தது. மாமா என்னைப் பந்து விளையாடும் திடலுக்கு அழைத்துப் போனார். நிலவு செம்பு நிறமாகிக் கறுத்தது. பௌர்ணமி வெளிச்சத்தில் காணாமல் போயிருந்த நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அஸ்தத்துக்குப் பக்கத்தில், நோக்கியில், ஊதிவிட்ட திருநீறு போல ஒரு வெள்ளைப் படலம். அவ்வளவுதான் ஹாலி. வால்கூட இல்லை. "பாத்துக்கிட்டியா தாயி? இனி 2061லதான் வரும். நான் இருக்க மாட்டேன். நீ இருந்தா எனக்கும் சேத்துப் பாரு" என்றார்.

மறு ஆண்டு நான் ஜொகூர் பாரு பக்கம் ஒரு மின்னணு ஆலையில் சேர்ந்தேன். தோட்டங்கள் ரப்பரை விட்டுச் செம்பனைக்கு மாறிக்கொண்டிருந்த காலம். எங்கள் வயதுப் பெண்கள் கூட்டமாக ஆலைகளுக்குப் போனோம். இரவு ஷிப்டுக்கு ஆலைப் பேருந்து தோட்டத்து முச்சந்திவரை வந்து எங்களை ஏற்றிக்கொள்ளும். அப்பாவே டார்ச் பிடித்துக்கொண்டு வந்து ஏற்றிவிடுவார். அப்போதும் ராத்திரிதான், அப்போதும் நான் பெண்தான். சம்பளம் என்றதும் அந்தக் கேள்வி இல்லாமல் போனது. அம்மாவும் ஆயுசு முழுக்க இருட்டில்தான் வெளியே போனார்; அவரை யாரும் கேட்டதில்லை. இருட்டில் உழைக்கப் போகும் பெண்ணுக்கு ஊரில் இடம் இருந்தது. இருட்டில் சும்மா நின்று அண்ணாந்து பார்க்கும் பெண்ணுக்கு இல்லை. இதை நான் ஆண்டுக்கணக்கில் யோசித்திருக்கிறேன். இன்றும் எனக்கு அதில் ஆறாத கோபம் இருக்கிறது.

ஆலையில் எனக்குக் கிடைத்த வேலை நுண்ணோக்கியில் பார்ப்பது. சில்லில் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை இணைக்க வேண்டும். ஜன்னல் இல்லாத கூடம், குளிரூட்டிய காற்று, விடிய விடிய வெள்ளை வெளிச்சம். நான் சேர்ந்த அந்த 1987இல், பிப்ரவரி மாதம், பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு விண்மீன் வெடித்தது. கெப்ளர் பார்த்த 1604ஆம் ஆண்டு வெடிப்புக்குப் பிறகு வெறுங்கண்ணுக்கு அத்தனை பிரகாசமாகத் தெரிந்த சூப்பர்நோவா அதுதான். மாதக்கணக்கில் எங்கள் தெற்கு வானத்தில் இருந்தது. நான் அதைப் பற்றிப் படித்தது முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. அது வானத்தில் இருந்த இரவுகளில் என் கண் நுண்ணோக்கியில் இருந்தது.

கல்யாணம், இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன். இவற்றைப் பற்றிச் சொல்லப் புதிதாக ஒன்றுமில்லை. கல்யாணத்தன்று பட்டப்பகலில் அருந்ததி பார்க்கச் சொன்னார் ஐயர். மண்டபத்துக் கூரையைப் பார்த்துத் தலையாட்டினேன். மாமா சீராகக் கொடுத்தது அந்த இருகண் நோக்கியை. அலமாரியில் வைத்தேன். சில ஆண்டுகளில் அவரும் போய்விட்டார்.

2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணம். என் மகள் அழைத்ததால் தஞ்சோங் பியாய்க்குப் போனோம். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனை அது. ஒன்றரை மணிக்குச் சற்று முன் நிலவின் கரிய வட்டம் சூரியனுக்குள் சரியாகப் போய் உட்கார்ந்தது. சுற்றிலும் ஒளி வளையம் மட்டும். என் உடம்பு சிலிர்த்தது அதனால் மட்டுமல்ல. அன்றைய நிழலின் பாதையை மகள் கைப்பேசியில் காட்டியிருந்தாள். அரபு மண்ணில் தொடங்கி, கோயம்புத்தூர், திண்டுக்கல், திருச்சி, யாழ்ப்பாணம் என்று வந்து, கடல் தாண்டி, சுமத்ராவைக் கடந்து, எங்களிடம் வந்திருந்தது. என் தாத்தா திருச்சிப் பக்கத்து ஊர்க்காரர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி நாள்கணக்கில் கடலில் கிடந்து வந்தவர். அதே தொலைவை அன்று நிழல் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் கடந்திருந்தது. தாத்தா ஊரில் பார்த்துவிட்டு இங்கே வந்த நிழல் என்று தோன்றியது. அன்றிரவே அலமாரியைத் திறந்தேன்.

நோக்கியின் உள்கண்ணாடியில் பூஞ்சை வலை பின்னியிருந்தது. ஜொகூரில் எந்தக் கண்ணாடிக்கும் இதுதான் கதி. ஈரக்காற்று ஒரு பருவத்தில் செய்துவிடும். சிங்கப்பூரில் ஒரு பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்தேன். இப்போது ஈரம் உறிஞ்சும் அலமாரி வைத்திருக்கிறேன். இந்தப் பொழுதுபோக்கில் இறங்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது தொலைநோக்கிக்கு முன்னால் அதை வாங்கச் சொல்லித்தான்.

அதற்குள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 2020 மார்ச் 18 முதல் ஊர் அடங்கிக் கிடந்தது. வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காரக் கற்றுக்கொண்டேன். அந்த ஆண்டு டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் ஒன்றையொன்று உரசுவதுபோல் மேற்கில் நின்றன. எனக்கு அவை ஒட்டிய ஒரே புள்ளியாகத் தெரிந்தன. மகளுக்கு இரண்டாகத் தெரிந்தன. இரண்டு கண்ணிலும் புரை என்றார் மருத்துவர்.

அறுவைக்குப் பிறகு பார்த்த முதல் இரவைச் சொல்லியே ஆக வேண்டும். வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளாகிக்கொண்டே போகும். நீல ஒளியைத் தடுக்கும். மெல்ல நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை. செயற்கை வில்லை வைத்ததும் அந்த மஞ்சள் திரை ஒரே நாளில் போய்விடுகிறது. வேட்டைக்காரன் கூட்டத்தின் காலில் இருக்கும் ரைஜலைப் பார்த்தேன். எஃகு முனைபோல் நீலம். ரோகிணியின் செம்மஞ்சள் அதற்குப் பக்கத்தில் அப்படியே பிரிந்து நின்றது. பத்தொன்பது வயதில் பார்த்த நிறங்கள் இவைதான் என்று கண் சொன்னது. ஒன்று மட்டும் திரும்பாது. இளமையில் இருட்டில் 7 மில்லிமீட்டர்வரை விரியும் கண்மணி, அறுபதில் பெரும்பாலோர்க்கு 5 அளவில் நின்றுவிடும். மாமாவின் 7×50 அனுப்பும் ஒளிக்கற்றை 7 மில்லிமீட்டர். அதில் ஒரு பங்கு என் கண்ணுக்குள் நுழையாமலே போகிறது. 10×50 வாங்கினேன், அதன் கற்றை 5 மில்லிமீட்டர், என் கண்ணுக்கு அளவெடுத்ததுபோல் இருக்கிறது.

பிறகு எட்டங்குலத் தொலைநோக்கி. துருவ அச்சில் திருப்பும் தாங்கியை வாங்கச் சொன்னார்கள். அதன் அச்சைத் துருவத்துக்கு நேராகச் சாய்க்க வேண்டும். 2 பாகையில் அது கிட்டத்தட்டப் படுத்துவிடும், எடைக்கல் முக்காலியின் காலில் இடிக்கும். நேர்வைக்கத் துருவ நட்சத்திரமும் கிடையாது. அதனால் டாப்சோனியன் எடுத்தேன். சான் ஃபிரான்சிஸ்கோவின் நடைபாதைகளில் வழிப்போக்கர்களுக்கு வானம் காட்டிய ஜான் டாப்சன் பரப்பிய எளிய அமைப்பு: மரப்பெட்டி, அதில் சுழலும் குழாய். இரண்டு பெண்களால் தூக்கிக் காரில் வைக்க முடியும்.

எங்கள் தோட்டம் இப்போது இல்லை. லயங்களை இடித்துவிட்டார்கள், சுற்றிலும் செம்பனை. மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது, அதன் முன்திடலும். அமாவாசையை ஒட்டி நான் போகும் இடம் அதுதான். டிசம்பர், ஜனவரி மழையில் எதுவும் நடக்காது. பிப்ரவரி, மார்ச்சில் மழை ஓய்ந்து, சுமத்ராவிலிருந்து புகைமூட்டமும் வராத நாள்களில், இரவு எட்டரைக்கெல்லாம் தெற்கே அகத்தியர் நட்சத்திரம் ஓங்கி நிற்கும். அதற்குக் கீழே மெகல்லன் மேகம். எங்களுக்கு வாய்த்த பெரிய செல்வம் இந்தத் தெற்கு வானம். ஜொகூர் பாரு, சிங்கப்பூர் வெளிச்சம் எழும்புவதும் அதே திசையில்தான். நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்தும் அடிவானத்தில் வெளுப்பு தெரிகிறது. 1987இல் பார்க்கத் தவறிய அந்த மேகத்தை மெர்சிங் கடற்கரையில் நல்ல இரவுகளில்தான் முழுதாகக் காண முடிகிறது. தாமான்களில் விளக்கை வானத்துக்கு அடிக்காமல் தரைக்கு மட்டும் அடிக்க ஒரு தகட்டு மூடி போதும். இதை நான் நகராண்மைக்கு எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன்.

அந்தத் தெற்குத் திசையில் எனக்கு வேலை இருக்கிறது. சென்னை வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒரு மாறு விண்மீனைக் கண்டறிந்தார். 'ஆர் ரெட்டிகுலி' என்று அதற்குப் பெயர். மெகல்லன் மேகத்துக்குப் பக்கத்தில், தெற்கே 63 பாகையில் இருக்கிறது. சென்னையிலிருந்து பார்த்தால் உச்சத்திலும் 14 பாகை உயரம்தான் ஏறும். அவ்வளவு தாழ்வில், கடல் மூட்டத்துக்கு நடுவே அவர் அதைப் பிடித்திருக்கிறார். இங்கே எங்களுக்கு 25 பாகை. விரிந்து சுருங்கும் சிவப்புப் பேருரு அது. ஒன்பது மாதங்களுக்கு ஒருமுறை சிறிய நோக்கிக்கே தெரியும் அளவுக்குப் பொலிந்து, பிறகு என் எட்டங்குலத்துக்கும் எட்டாமல் மங்கிவிடும். அருகிலிருக்கும், ஒளி அளவு தெரிந்த விண்மீன்களோடு ஒப்பிட்டு இன்றைக்கு இது எவ்வளவு என்று கணித்து எழுத வேண்டும். 1911இல் அமெரிக்காவில் தொடங்கிய மாறு விண்மீன் நோக்குநர் சங்கம் உலகெங்குமிருந்து இந்தக் கணிப்புகளைச் சேர்க்கிறது. நாங்கள் பயன்படுத்தும் ஒளி அளவை 1856இல் வரையறுத்தவர் நார்மன் பாக்சன். ஐந்து படி வித்தியாசம் என்றால் நூறு மடங்கு. அவர்தான் பின்னர் சென்னை வானாய்வகத்தின் தலைவராக வந்தவர், ரகுநாதாச்சாரியின் மேலதிகாரி. விண்மீன் ஒருவர் கண்டது, அளவுகோல் மற்றவருடையது. இரண்டும் சந்திக்கும் அந்த ஒரு வரியைத் தோட்டத்துத் திடலிலிருந்து நான் எழுதுகிறேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. நுண்ணோக்கியில் ஆண்டுக்கணக்காகப் பழகிய கண்ணுக்குச் சின்ன ஒளி வேறுபாடு தப்புவதில்லை.

பக்கத்து வீட்டில் படிவம் நான்கு படிக்கும் பெண் ஒருத்தி. என்னோடு வரட்டுமா என்று கேட்டாள். அவள் அம்மா ஆலையில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர், தயங்கினார். "ராத்திரியில அங்க என்னக்கா வேலை இவளுக்கு?" என்றார். "வேலை இருக்கு. நீங்களும் வாங்க, ஓய்வு நாளாப் பாத்துப் போவோம். நானே கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வர்றேன்" என்றேன். மூவரும் போனோம். முதலில் வடக்கே வசிஷ்டரைக் காட்டினேன். வெறுங்கண்ணில் அருந்ததி பக்கத்தில் தெரிந்தது. தொலைநோக்கியில் வசிஷ்டரே இரண்டாகப் பிரிந்தார். அந்த அம்மாவுக்கு அதில் கொள்ளை மகிழ்ச்சி. திரும்பத் திரும்பப் பார்த்தார்.

தெற்கே திருப்பியபோது பெண்ணிடம் விளக்கினேன். சிவப்பு விண்மீனை உற்றுப் பார்க்கக் கூடாது. உற்றுப் பார்க்கப் பார்க்க அது உண்மையைவிடப் பிரகாசமாகத் தெரியும். சட்டென்று பார், ஒப்பிடு, கண்ணை எடு. இன்னொன்று: என் எண்ணைக் கேட்காதே, உன் எண்ணைச் சொல்லாதே, தனித்தனியாக எழுதுவோம். அவள் சிவப்புக் கைவிளக்கில் குனிந்து எழுதினாள். பிறகு ஒப்பிட்டோம். அவள் 7.8 என்று எழுதியிருந்தாள், நான் 8.0. "நீங்க பெரியவங்க, உங்களோடதுதான் சரியா இருக்கும், அழிச்சிடவா ஆன்ட்டி?" என்றாள். அழிக்கக் கூடாது என்றேன். இரண்டையும் அவரவர் பெயரிலேயே அனுப்பினோம்.